எஸ்டிபி ஆபரேட்டர் சான்றிதழ் பயிற்சி: போய் வந்தவனின் கருத்து

ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு, ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட், ஓட்டுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மையம் நடத்தும் ஆபரேட்டர் சான்றிதழ் பயிற்சிக்கு எங்கள் குடியிருப்போர் சங்கமே பணம் கட்டி அனுப்பியது. போகலாமா என்று கேட்கும் ஆபரேட்டர்களுக்குச் சொல்கிறேன்: ஆய்வக வகுப்புக்காகவே போகலாம்.

எஸ்வி30 என்ற படிவுச் சோதனை ஆபரேட்டர் எல்லாருக்கும் தெரியும். ஏரேஷன் டேங்க் (கழிவுநீருக்குள் காற்று ஊதும் தொட்டி) தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து 30 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) எத்தனை மில்லி படிந்தது என்று லாக் புக்கில் எழுதுவோம். பெரும்பாலான பிளான்ட்டில் அதோடு ஜாடியைக் கழுவிவிடுவார்கள். இங்கே பாடம் எடுத்த சார் கழுவ விடவில்லை. "அப்படியே வைங்கப்பா, சாப்பிட்டு வந்து பாருங்க" என்றார். வந்து பார்த்தால், படிந்த ஸ்லட்ஜ் கட்டியாக மேலே ஏறி நிற்கிறது; ஓரமெல்லாம் பொடிக் குமிழ்கள். குச்சியால் லேசாகத் தட்டினார். குமிழ்கள் விட்டதும் திரும்ப இறங்கிவிட்டது. அது நைட்ரஜன். கிளாரிஃபயரில் (ஸ்லட்ஜைப் படியவைக்கும் தொட்டி) ஸ்லட்ஜ் ரொம்ப நேரம் தங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், பாக்டீரியா நைட்ரேட்டை உடைக்கும்போது வருகிற வாயு. படிந்த ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பைக் கூட்டி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். படியவே படியாமல் பொங்கி நின்றால் அது வேறு கோளாறு. அங்கே முதலில் காற்று போதுமா என்று பார்க்க வேண்டும். எஸ்வி30-ஐ 1000-ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ்ஸால் (ஏரேஷன் டேங்க் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் திடப்பொருள் மிதக்கிறது என்ற அளவு) வகுத்தால் எஸ்விஐ, அதாவது ஸ்லட்ஜ் எப்படிப் படிகிறது என்று காட்டும் எண். 300 மில்லி, எம்எல்எஸ்எஸ் 3000 என்றால் 100, நல்ல படிவு. 150-ஐத் தாண்டினால் உஷாராக வேண்டும். இந்தக் கணக்கை ஆளாளுக்குப் போர்டில் போட வைத்தார். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பாடம் முழுக்கத் தமிழில்தான்.

பாதுகாப்பு வகுப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் படம் காட்டி முடித்துவிட்டார்கள். கேஸ் டிடெக்டரைக் கையில்கூடக் கொடுக்கவில்லை. கழிவுநீர்த் தொட்டிகளில் தேங்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவன் பிணமாகத்தான் வருவான். கவசமும் ஏற்பாடும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படியிருக்க, இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டாமா? தூக்கிவிடும் முக்காலி, உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸ், மேலே காவலுக்கு ஒரு ஆள் எல்லாவற்றையும் செய்து பழக்க வேண்டும்.

தேர்வும் சப்பென்று இருந்தது. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். ஜாடியைத் தொடாதவர்கூட மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடலாம். கலிபோர்னியாவில் கழிவுநீர் ஆபரேட்டருக்கு ஐந்து நிலைச் சான்றிதழ் உண்டு; மாநில அரசே கொடுக்கிறது, தேர்வோடு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். நம்மிடமும் அனுபவத்தை ஒரு ஆள் நேரில் பார்த்துச் சோதித்தால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு கூடும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆள் அனுப்பும் சங்கத்தார் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆய்வகம் இருக்கிறதா, ஓடுகிற பிளான்ட்டுக்குக் கூட்டிப் போவார்களா, கேஸ் டிடெக்டரை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்களா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.