பெட்ரோல் ஆர்சி கார்: இன்ஜின் தங்கம், ஃபில்டர் தலைவலி

ரிமோட்டில் ஓட்டுகிற 1/5 அளவு பெட்ரோல் பக்கி (மண்தரையில் ஓடுகிற வகைக் கார்) ஒன்று செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். நாலு புது ஏர் ஃபில்டர் செட் பிரிக்காமல் கூடவே தருகிறார்களாம், விளம்பரத்தில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. டயர், ஷாக், கியர் விவரமெல்லாம் அவருக்கே அத்துப்படி. ஆனால் இந்த வண்டியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்பது, பாதிக்கு மேல் ஒரு கைப்பிடி ஸ்பாஞ்சோடு மல்லுக்கட்டுவது. அதை யாரும் வாங்குவதற்கு முன்னால் சொல்வதில்லை.

விளம்பரத்தில் ‘கேஸ் கார்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சமையல் சிலிண்டரை நினைக்க வேண்டாம், அமெரிக்கர்களுக்குப் பெட்ரோல்தான் கேஸ். நைட்ரோ கார் வேறு ஜாதி. அதற்கு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த தனி எரிபொருள் வேண்டும், பொறிக்குப் பதில் சூடான கம்பியால் பற்றவைக்கிற குளோ பிளக் வேண்டும். இதற்கு பங்க்கில் பிடிக்கிற பெட்ரோல், லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், சாதாரண ஸ்பார்க் பிளக் போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஸெனோவா ஜி260 வகை இன்ஜின் பூட்டிய பின்சக்கர பக்கியைப் பற்றி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 34 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 28 மிமீ, ஆக 25.4 சிசி. புல்வெட்டியும் மரம் அறுக்கும் ரம்பமும் செய்கிற ஜப்பான் கம்பெனியின் சரக்கு, அந்த முரட்டுத்தனம் இதிலும் இருக்கிறது. மூன்று மாதம் மூலையில் கிடந்தாலும் ப்ரைமரை, அதாவது பெட்ரோலை ஏற்றும் குமிழை, ஐந்தாறு தடவை அழுத்தி, சோக் போட்டு, கயிற்றை நாலு இழுப்பு இழுத்தால் எழுந்துவிடும். நைட்ரோவோடு மாரடித்தவர்களுக்கு இது சொர்க்கம். வால்ப்ரோ கார்புரேட்டரை ஒருமுறை ஒழுங்காக ட்யூன் செய்துவிட்டால் மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

இனி ஃபில்டர்.

12,000 சுற்றில் இந்த இன்ஜின் கணக்குப்படி நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று கேட்கும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுசாக நிறையாது என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் 200 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன் இழுப்பது ஆறேழு லிட்டர்தான். அதாவது முப்பது பேர் இழுக்கிற காற்றை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பின்சக்கரம் கிளப்புகிற புழுதிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இது இழுக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் தூசி போனால் நேராக சிலிண்டருக்குப் போகும். டூ ஸ்ட்ரோக்கான இதில் காற்று முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் நுழைகிறது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் ஊசி பேரிங், பிஸ்டனின் அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. ஆயில் ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. பெட்ரோலோடு வருகிற ஆயிலில் தூசி குழைந்து சாணைப் பசையாகிவிடும். சிலிண்டரோ உள்ளே பூச்சு ஏற்றிய அலுமினியம். பூச்சு போய்விட்டால் பைக்குக்குப் போடுவதுபோல உள்ளே கடைந்து ரீபோர் போட முடியாது, சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லோரும் ஓரளவு அறிந்ததுதான். என்னை எரிச்சல்படுத்துவது வேறு.

இது பிஸ்டன் போர்ட் இன்ஜின். காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கிற ரீட் வால்வு இல்லை, காற்று வருகிற துவாரத்தைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே. பிஸ்டன் கீழே இறங்கும்போது துவாரம் முழுக்க மூடுவதற்குள் கொஞ்சம் கலவை வந்த வழியே திரும்பிப் பீய்ச்சுகிறது. அந்தப் பெட்ரோல் சாரல் கார்புரேட்டரைத் தாண்டி ஃபில்டரின் உள்பக்கத்தில் போய் விழும். நாம் பார்த்துப் பார்த்துத் தடவிய ஃபில்டர் ஆயிலைக் கரைத்து வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும்.

இந்த ஃபில்டர் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு ஸ்பாஞ்ச், அதாவது ஃபோம். ஃபோம் ஃபில்டரில் வேலையைச் செய்வது அந்த ஆயில்தான். முகப்பவுடர் மாதிரியான தூசியைக் காய்ந்த ஃபோம் பிடிக்காது, கொசுவலையில் மாவு சலித்த கதைதான். ஓட்டி முடித்துக் கழற்றிப் பாருங்கள். வெளி ஃபோம் ஈரமாக, மினுமினுப்பாக, ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லும். உள் ஃபோமை இரண்டு விரலால் நசுக்கினால் பிசுபிசுப்பே இருக்காது, பெட்ரோல் வாடை மட்டும் வரும். அழுக்கே படியாத ஃபில்டர் அந்த நிலையில் எதையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அழுக்கானால் மாற்றலாம் என்று காத்திருக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே கணக்கு டேங்க்கில்தான், அழுக்கில் இல்லை. காய்ந்த மண் தரையென்றால் இரண்டு டேங்க்குக்கு ஒருமுறை வெளி ஃபோமை மாற்றுகிறேன், நாலு டேங்க்குக்கு ஒருமுறை உள் ஃபோமை. புல்தரையில் இதை இரண்டு மடங்காக நீட்டலாம். கடல்மணல் பார்க்கத்தான் பயங்கரம், பெரிய பருக்கை என்பதால் வெளி ஃபோமிலேயே நின்றுவிடும். முன்னால் போகிற வண்டி கிளப்பிவிட்டு அந்தரத்தில் தொங்குகிற செம்மண் புழுதிதான் ஆளைச் சாப்பிடுவது.

கழுவுவதற்கு வருவோம். கழற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சுற்றி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மூடியைத் திறந்த நொடியில் விளிம்பில் இருக்கும் மண் கார்புரேட்டர் வாயில் விழுவதுதான் அதிகம் நடக்கிற விபத்து. எடுத்ததும் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள், நூல் பிரியாத துணியாக.

ஃபோமைப் பெட்ரோலில் அலசுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. பழைய ஆயில் சட்டென்று போய்விடும், உண்மைதான். ஆனால் ஃபோம் ஊதிப்போகும், ஒட்டு விட்டுப்போகும், நாலைந்து அலசலில் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். மண்ணெண்ணெயில் முதல் அலசு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு இரண்டு அலசு, கடைசியில் நல்ல தண்ணீர். துணி மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தித்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். ஏர் கம்ப்ரஸர் பக்கமே போகாதீர்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். ஈரம் இருந்தால் ஆயில் அந்த இடத்தில் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆயில் போடுவதில் பாட்டிலைக் கவிழ்ப்பதைவிடப் பெரிய தப்பு, கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலைப் போடுவது. அது பிசுபிசுக்காது, அரைமணி நேரத்தில் கீழே வடிந்து ஃபோமின் மேல்பாதி காய்ந்துவிடும். பைக்குகளின் ஃபோம் ஃபில்டருக்கென்று மோட்டுல் போன்றவர்கள் விற்கிற ஆயிலே இதற்கும் சரி. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வெளி ஃபோமைப் போட்டு இரண்டு டீஸ்பூன் ஆயில் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி இரண்டு நிமிடம் பிசையுங்கள். நிறம் எங்கும் ஒன்றாக வரும்வரை. வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தாலும் அது ஓட்டைதான். உள் ஃபோமுக்கு ஒரு டீஸ்பூன் போதும். பிறகு டிஷ்யூ பேப்பரில் வைத்து ஒரு அழுத்து, உபரி வந்துவிடும். ஸ்ப்ரே ஆயிலாக இருந்தால் அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாக அரைமணி விட்டுவிட்டுப் பூட்டுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு விளிம்பில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ஃபோம் அடித்தட்டுக்கும் மூடிக்கும் நடுவே நசுங்கி உட்கார வேண்டும். ஒரு ஓரம் மடிந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும், காற்றுக்கு மரியாதை தெரியாது. இரண்டு விளிம்பிலும் கெட்டியான கிரீஸை மெல்லிய வளையமாகத் தடவிவிட்டுப் பூட்டுங்கள். கூடவே ஃபில்டருக்கு உள்ளே, கார்புரேட்டர் வாய்க்கு முன்னால், ஒரு பொட்டு கிரீஸ். அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பொட்டு பளிச்சென்று இருந்தால் எல்லாம் சரி. தொட்டால் நறநறவென்றால் எங்கோ ஒழுகுகிறது.

ஃபில்டர் சரியாக இருந்தும் நறநறத்தால் கார்புரேட்டரைப் பிடித்திருக்கிற இரண்டு எம்5 போல்ட்டைப் பாருங்கள். நடுக்கத்தில் தளர்வது இவற்றின் பிறவிக் குணம். த்ராட்டிலை விட்டதும் இன்ஜின் சட்டென்று இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றால் அங்கே காற்று வாங்குகிறது என்று பொருள். கழற்றித் துடைத்து, போல்ட் தளராமல் பிடிக்கிற நீல நிற திரெட்லாக் பசை ஒரு சொட்டு போட்டு முடுக்குங்கள். கேஸ்கெட்டைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். அதில் இருக்கிற சின்ன ஓட்டை கிராங்க் கேஸின் துடிப்பைக் கார்புரேட்டர் பம்ப்புக்குக் கொண்டுபோவது, அது அடைபட்டால் நாள் முழுக்கக் கயிறு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது.

வெளியே மாட்டுகிற துணி உறையைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்லதுதான், தண்ணீரையும் பெரிய குப்பையையும் தடுக்கும். அதற்கு ஆயில் போடக் கூடாது, காய்ந்தே இருக்க வேண்டும். உறை போட்டிருக்கிறோமே என்று ஃபோமை மாற்றும் கணக்கைத் தள்ளிப்போட்டால் அது உதவாது.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில்தான் நல்ல இன்ஜின்கள் போகின்றன. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் ரிச்சாக, அதாவது காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சி ஓடும். கார்புரேட்டரின் டயஃப்ரம் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது, ஃபில்டரில் ஏற்பட்ட அடைப்பு அதற்குத் தெரியாது. பாதி சோக் போட்ட மாதிரி ஆகிவிடும். மேல்வேகத்தில் மந்தம், புகை, பிளக் கருப்பு. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேல்வேகத்துக்குப் பெட்ரோல் அளக்கிற ஹை ஸ்க்ரூவைச் சாத்துகிறார்கள். வண்டி பறக்கிறது. ஒரு வாரம் கழித்து நல்ல பிள்ளையாக ஃபில்டரைக் கழுவிப் போடுகிறார்கள். இப்போது காற்று தாராளம், பெட்ரோல் பழைய சாத்தலிலேயே நிற்கிறது. பெட்ரோல் பற்றாமல் லீனாகி, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்கிறது. ஃபில்டர் கழுவியதால் இன்ஜின் போச்சு என்று அப்புறம் புலம்பல். சுத்தமான ஃபில்டரைப் போட்ட பிறகு தவிர, ட்யூனிங் ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது.

நண்பர் நேரில் பார்க்கப் போவதானால் இரண்டு இடம் போதும். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். அங்கே நெட்டுக்குத்தாகக் கீறலும் அலுமினியம் இழுபட்ட தடமும் இருந்தால் சூட்டில் ஒருமுறை பிடித்த இன்ஜின். கார்புரேட்டரைக் கழற்றினால் மறுபக்கம் தெரியும். புது பிஸ்டனில் கடைசல் கோடுகள் ரெக்கார்டு தட்டு மாதிரி மெல்லிசாக இருக்கும். அந்தக் கோடுகள் அழிந்து, வழவழவென்று மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் தூசி தின்ற இன்ஜின். விற்பவர் எத்தனை லிட்டர் ஓடியது என்று எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மார்க் போடச் சொன்னால் இன்ஜினுக்குப் பத்துக்கு ஒன்பது. ஃபில்டர் வேலைக்கு மூன்று, அதுவும் ஆயில் வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதால். ஒரு மணி நேரம் ஓட்ட அரைமணி நேரம் பிசுபிசுப்போடு உட்காரப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதே அளவில் பேட்டரி வண்டிகள் இருக்கின்றன, அவற்றுக்கு மூச்சு விடுகிற வேலையே இல்லை.

அந்த விளம்பரத்தில் எனக்கு உதைப்பது கூடவே வருகிற நாலு ஃபில்டர்தான். இரண்டு வருடம் ஓட்டிய வண்டியாம், செட் நாலும் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். விலை இன்னும் கொஞ்சம் இறங்கினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.