விலக்கு ரோட்டில் நிற்கும் நாய்: தூக்கிப் போவதா, அங்கேயே ஆள் தேடுவதா?

போன தை மாதம், காரைக்குடி–மதுரை சாலையில் பிள்ளையார்பட்டிக்கு வழி பிரிகிற விலக்கு. விடிந்தும் விடியாத நேரம். ஒரு செவலை நாய் நடுரோட்டில் நின்று, வருகிற பஸ்ஸை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் நைந்த கருப்புக் கயிறு. என்னோடு வந்த சித்தப்பா மகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பிடிச்சு நம்ம ஊரு தேவகோட்டைக்கே கொண்டுபோயிருவோம்ணே, பாவம்" என்றான். நல்ல மனசுதான். ஆனால் அந்த நாய்க்கு அது நல்லதில்லை என்று எனக்குப் பட்டது.

முதலில் அதை ரோட்டிலிருந்து இறக்க வேண்டும். ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தால், பயந்த நாய் நம்மை விட்டு ஓடும், எதிரே வரும் லாரியைக் கவனிக்காது. உட்கார்ந்து வரவழைப்பதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் சரி. ஒருவர் நம் வண்டியின் நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, துண்டை ஆட்டி வருகிற வண்டிகளை மெதுவாக்க வேண்டும். இன்னொருவர் சாலைக்கு வெளியே, வயல் பக்கம் குத்தவைத்து உட்கார வேண்டும். நாயை நேராக முறைக்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அவித்த முட்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தன் பக்கமாகப் போட வேண்டும். அன்றைக்கு நான்காவது துண்டுக்குத்தான் அது தார்ச்சாலையை விட்டு இறங்கியது. கையில் இருந்த வேட்டிக்கரைத் துணியைக் கயிற்றில் கோர்த்ததும் அப்படியே படுத்துவிட்டது. நான்கு பாதங்களும் தேய்ந்து சிவந்திருந்தன.

அடிபட்ட நாய் என்றால் கதை வேறு. வலியில் எந்த நாயும் கடிக்கும், வளர்த்தவரையே கடிக்கும். துண்டைத் தலைமேல் போட்டு, சாக்கை உடம்புக்கு அடியில் நகர்த்தி, இரண்டு பேராகத் தூக்கி, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சரி, பிடித்தாயிற்று. இனி எங்கே வைப்பது?

நம் வீட்டுக்குக் கொண்டுபோனால் நாய் உடனே பத்திரம். ஆனால் தொலைத்தவர் அது காணாமல் போன வட்டாரத்தில்தான் தேடுவார், நம் ஊருக்கு வந்து தேட மாட்டார். செட்டிநாட்டில் இது இன்னும் சிக்கல். பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்குச் சோறு வைப்பது வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுத் தேடுகிற ஆள் இல்லை. நாலு டீக்கடையில் கேட்பார், அவ்வளவுதான். அதனால் வாட்ஸ்அப்பா, டீக்கடையா என்றால் நான் டீக்கடை கட்சி. படமும் போடுங்கள், ஆனால் நாயின் ஒரு அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வையுங்கள். உரிமை கொண்டாடி வருகிறவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அன்றைக்கும் டீ மாஸ்டர்தான் சொன்னார்: "குன்றக்குடி அடிவாரத்துல பூக்கட்டுற ஆச்சி வளர்க்குறதுண்ணே. ராத்திரி பழனிக்குக் காவடி போனுச்சுல்ல, பின்னாடியே வந்திருக்கும்." தைப்பூச நடைக்காரர்கள் பிஸ்கட் போட, நாய்கள் இப்படிக் கூடவே நடந்து வந்து வழி தெரியாமல் நின்றுவிடுவதுண்டு. தேவகோட்டைக்குத் தூக்கியிருந்தால் ஆச்சிக்கு எப்படித் தெரியும்?

மாநகராட்சிக்குச் சொல்வது மூன்றாவது வழி. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள், பிடித்த தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தெருநாய்க்கு அது தேவையான உதவி. தொலைந்த நாயின் வீட்டைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அல்ல அது. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருந்து, கடைக்காரர்களைப் பார்த்து வாலாட்டுகிறதென்றால் அது அந்த இடத்து நாய். அதை எங்கும் கொண்டுபோக வேண்டாம். யாரோ ரோட்டோரம் சோறு வைக்கிறார்களே, அந்தத் தட்டைக் கண்மாய்க் கரைப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னாலே பாதி ஆபத்து குறையும்.

குட்டி, காயம், இருட்டிவிட்டது, கேட்க ஆளே இல்லை என்றால் மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அப்போதும் நம் கைப்பேசி எண்ணைப் பக்கத்துக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். நம் வீடுகளில் பின்கட்டு இதற்கு வசதி, கதவைச் சாத்திவிட்டால் தெருவுக்கு ஓடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் நொந்த நாய் வழுக்கி விழும், சாக்கு விரித்துவிடுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் கொஞ்சமாகத் தயிர்சோறு. வெங்காயம் சேர்ந்த குழம்புச்சோறு நாய்க்கு ஆகாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரமாவது பக்கத்தில் விடாதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் வயிற்றுப்போக்கு போன்ற தொற்று நோய் வெளியே தெரியவே சில நாள் ஆகும்.

ஆச்சி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது நாய் எழுந்திருக்கக்கூட இல்லை. படுத்தபடியே வாலால் தரையைத் தட்டியது. அவர் மடியிலிருந்த பூக்கட்டும் நாரை எடுத்து, அறுந்துபோகிற நிலையில் இருந்த கழுத்துக் கயிற்றை அங்கேயே முடிந்துவிட்டார்.