மயோனைஸ் மாறிவிட்டது, முட்டைக்கோஸ் மாறவில்லை

திருச்சியில் எங்கள் தெருமுனையில் உள்ள ஷவர்மா கடைக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை, வெவ்வேறு நேரங்களில் சென்று பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சுவையில் குறையில்லை, மிளகுக் காரம் தூக்கலாகவும் குபூஸ் ரொட்டி மெத்தென்றும் இருந்தன.

கம்பியில் சுழலும் கோழிக்கறியில் நெருப்பைப் பார்த்த மேற்புறம் மட்டுமே வெந்து, உட்புறம் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால், கூட்டம் சேர்ந்தவுடன் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவிவிடுவது பல கடைகளில் நடக்கிறது. இங்கே சீவிய கறியை மறுபடியும் சூடான கல்லில் போட்டுப் புரட்டுகிறார்கள். சனிக்கிழமை இரவு எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றபோதும் அந்த வேலையை விடவில்லை. 2022-இல் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. முட்டையைக் கழுவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்னும் பாக்டீரியா கோழியின் சூலகத்திலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடக்கூடியது. நான் விசாரித்தபோது, கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து முட்டை சேர்க்காத மயோனைஸ் பாக்கெட்டை எடுத்து, "பிரிச்ச தேதிய மேலயே எழுதி வச்சிருக்கோம் பாருங்க சார்" என்று காட்டினார்.

குறை முட்டைக்கோஸில் இருக்கிறது. மதியமே நறுக்கிய கோஸ், அடுப்பின் அனல் படும் இடத்தில் மூடியில்லாத எவர்சில்வர் பேசினில் மாலை முழுவதும் கிடக்கிறது. மசாலா தடவிய பச்சைக்கறியைக் கம்பியில் குத்திய அதே கையுறையோடு ஒரு பையன் சில்லறை வாங்கிப் போட்டுவிட்டு, கோஸையும் அள்ளிவைத்தான். அந்த உறை அவன் கையைக் காப்பாற்றுமே தவிர என் வயிற்றை அல்ல. கறிக்குக் கல்லின் சூடு இருக்கிறது, கோஸுக்கு எந்தச் சூடும் இல்லை. குளிரில் வைத்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது: லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் பெருகும். 1981-இல் கனடாவின் கிழக்கு மாகாணங்களில் 41 பேரைப் பாதித்த லிஸ்டீரியா நோய்க்குக் காரணமான கோல்ஸ்லா என்னும் பச்சைக் கோஸ் சாலட்டின் கோஸ், ஆட்டெரு இட்ட வயலில் விளைந்து குளிர்காலம் முழுவதும் குளிரில் சேமிக்கப்பட்டதுதான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும்.

கடைக்காரரிடம் சொன்னேன், "கோஸ் என்ன சார் பண்ணும்?" என்று சிரித்தார். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். மூன்றாம் முறை போனபோது கோஸ் போடாமல் சுற்றித் தரச் சொல்லி, பார்சல் கட்டாமல் அங்கேயே நின்று சாப்பிட்டேன்.