முனீஸ்வரன் கோவில் தெருவுல வாங்குன எவர்சில்வர் டப்பா, தீக்குள்ள கிடந்து வந்துச்சு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைங்கன்னா எல்லாரும் மரத்தூணு, எனாமல் சட்டி, பழைய போட்டோன்னுதான் எழுதுறாங்க, நான் அங்க போனது ஜியோகேச்சிங்குக்கு ஒரு டப்பா தேடி. தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் ஒரு டப்பாவுக்குள்ள சின்ன நோட்டு வச்சு எங்கயாவது ஒளிச்சு வப்பாரு, ஜிபிஎஸ் பாயிண்ட ஆப்ல போடுவாரு, மத்தவங்க தேடிப் போயி பேரெழுதிட்டு அங்கயே வச்சுட்டு வரணும். 2000 மே 2 அன்னைக்கு பொதுமக்களுக்கு இடம் துல்லியமா தெரியாதபடி ஜிபிஎஸ்ல வேணும்னே பிழை கலந்து வச்சிருந்தத அமெரிக்கா நிறுத்துனாங்க, மறுநாளே ஓரிகன்ல ஒருத்தர் ஒரு பக்கெட்ட ஒளிச்சு வச்சு இத ஆரம்பிச்சாரு.

எங்க ஊர் கண்மாய் நடுவுல ஒரு திட்டு இருக்கு. பங்குனி சித்திரையில நடந்தே போயிரலாம், கார்த்திகையில சுத்தியும் தண்ணி. ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு போன வருசம் அங்க கிளிப் மூடி பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வச்சேன், ஒரு பட்டுப்போன சீமைக்கருவேல மூட்டுக்கடியில. மாசியில காஞ்ச கோரையில தீ பிடிச்சிருச்சு, எப்படின்னு யாருக்கும் தெரியல. போயி பார்த்தா டப்பா உருகி ஒரு கட்டியா கிடக்குது, நோட்டு இருந்த இடமே தெரியல. இருபத்திமூணு பேரு கையெழுத்து அதுல இருந்துச்சு, ரெண்டு நாள் மனசே சரியில்ல.

அதுக்கப்புறம்தான் இந்தக் கடை. பழைய வீட்டுச் சாமானுக்கு நடுவுல திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, நல்ல கனம், இப்ப வர்ற தகடு மாதிரி அமுங்காது, மூடியில யாரோ வீட்டு இனிஷியல் வெட்டியிருக்கு. 400 சொன்னாரு, 320க்கு முடிஞ்சுச்சு. எதுக்கு தம்பின்னு கேட்டாரு, சொன்னேன், பொறுமையா கேட்டுட்டு உள்ள போயி மூடி சரியா உக்கார்ற வேற ஒண்ண எடுத்துட்டு வந்து மாத்திக் குடுத்தாரு. இதுக்காகவே அஞ்சு ஸ்டார் போடலாம்.

இந்த வருசமும் பங்குனியில தீ. டப்பா பொழச்சுச்சு! வெளிய நீலமும் பழுப்புமா நிறம் ஏறியிருக்கு, நோட்டு ஓரம் மட்டும் லேசா சிவந்திருக்கு, எழுத்து அத்தனையும் படிக்க முடியுது.

ஆனா எவர்சில்வர்னால மட்டும் தப்பிச்சுச்சுன்னு நினைச்சுறாதீங்க. டப்பா உருகலன்னாலும் உள்ள சூடு ஏறுனா பேப்பர் கருகிரும். புல்லுத்தீ ஒரு இடத்துல நிக்காது, சரசரன்னு கடந்து போயிரும், காஞ்ச கட்டைதான் விடிய விடிய கங்கா இருக்கும், சீமைக்கருவேலத்துலதான கரி மூட்டம் போடுறாங்க, நான் மொத டப்பாவ கொண்டுபோயி அதுக்கடியிலயே வச்சிருக்கேன். எவர்சில்வர் டப்பாவ வைக்கும்போதே ரெண்டு செம்புறாங்கல்லுக்கு நடுவுல வச்சு சுத்தி ஒரு முழத்துக்கு புல்ல செதுக்கி விட்டுட்டேன். இடத்துக்காரங்க தெளிவா அனுமதி குடுக்காம குழி தோண்டி புதைக்க ரூல்ஸ்ல இடமில்ல. டப்பாக்குள்ள லைட்டர், பட்டாசும் வைக்கக் கூடாது, ஏன்னு இப்ப நல்லாப் புரியுது. ஆப்ல குடுக்குற குறிப்பையும் மாத்திட்டேன், முன்ன "பட்ட மரத்தடி"ன்னு இருந்துச்சு, அந்த மரமே இப்ப இல்ல. திட்டுல இருக்குற ஒத்தப்பனைக்கு காஞ்ச மட்டை மட்டும்தான் எரிஞ்சுச்சு, குருத்து உச்சியில பத்திரமா இருக்கு, அதனால இப்ப அந்தப் பனைதான் அடையாளம்.

குறைன்னா ஒண்ணு, மூடிக்குள்ள இருந்த ரப்பர் வாசர் கருகிப் போச்சு. கண்மாய் நிறையும்போது தண்ணி உள்ள போயிரும். சைக்கிள் ட்யூப்ப வளையமா வெட்டிப் போட்டிருக்கேன், வாளித் தண்ணியில ஒரு ராத்திரி முக்கி வச்சேன், ஒரு சொட்டு இறங்கல. அதனால டப்பாவுக்கு அஞ்சுக்கு நாலு.

தேடிப் போறவங்களுக்கு: மழைக்கப்புறம் பறவைங்க கூடு கட்டுனா அந்த மாசங்கள்ல ஆப்ல இத நிறுத்தி வச்சுருவேன். பக்கத்துல வேட்டங்குடியில பறவைங்க மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்கு வெடியே போடாத சனங்க இருக்காங்க, நம்ம ஒரு டப்பாவுக்காக போயி கலைக்கக் கூடாது.

இன்னொரு கண்மாய்க்கு இதே மாதிரி சின்ன சைஸ் ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன், வந்தா போன் பண்றேன்னு கடைக்காரர் நம்பர் எழுதிக்கிட்டாரு.