மூன்றரை வருஷம் உழைத்த 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: பேக்கப் ஏன் பாதியில் நிற்கிறது?

ஆடித் தள்ளுபடியில் இந்த டிஸ்க்கின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. "அண்ணே, கடைக் கணக்கு பேக்கப்புக்கு இதை வாங்கலாமா?" என்று மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார். கொள்ளளவு, எடை, நிறம் எல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது. மூன்றரை வருஷம் ஓடி, போன மாதம் பழுதும் பார்த்து வந்த பிறகு இதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கேபிள் செருகும் அந்த வாய்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் தரமானது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் இன்றைக்கும் 05, சி5 (C5), சி6 (C6) என்கிற மூன்று கணக்கும் பூஜ்ஜியம். அதாவது கெட்டு மாற்றப்பட்ட செக்டாரும் (டேட்டா எழுதும் சின்னக் கட்டம்) இல்லை, படிக்கத் திணறும் செக்டாரும் இல்லை. பெரிய ஃபைலை எழுதினால் நொடிக்கு 110 எம்பி வரை போகிறது. ஐப்பசி ஈரத்தையும் சித்திரை வெயிலையும் மேசை மேலேயே கிடந்து தாங்கிய பொருளுக்கு இது நல்ல ஆரோக்கியம்.

சின்னச் சின்ன ஃபைல்களாக நிறைய எழுதும்போது வேகம் 15, 20 எம்பிக்கு இறங்கும். அது கோளாறு இல்லை. இந்த அளவுள்ள 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பெரும்பாலும் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் கழற்றித்தானே ஆக வேண்டும், அதே வேலைதான் உள்ளே நடக்கிறது. விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை கை வைக்காதீர்கள். ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கித்தான் பல பேர் நல்ல டிஸ்க்கைக் கெடுக்கிறார்கள்.

இனி அந்த வாய். யூஎஸ்பி 3.0 மைக்ரோ-பி என்கிற அகலமான தட்டை போர்ட். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு அறைகள் தெரியும். பெரிய அறையில் பழைய செல்போன் சார்ஜரில் இருந்த அதே 5 பின், சின்ன அறையில் இன்னொரு 5 பின். மின்சாரமும் பழைய 2.0 இணைப்பும் பெரிய அறை வழியாக வருகின்றன. 3.0 வேகம் சின்ன அறை வழியாக வருகிறது. கேபிள் லேசாகச் சாய்ந்து சின்ன அறையின் தொடர்பு மட்டும் விட்டுப்போனால் டிஸ்க் அணையாது. விளக்கு எரியும், கம்ப்யூட்டரிலும் தெரியும், ஆனால் வேகம் 35, 40 எம்பியைத் தாண்டாது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பேக்கப் மூன்று மணி நேரம் இழுக்கும். பெரிய அறை விட்டுப்போனால் ஒரு நொடி கரண்ட் போய் வரும், டிஸ்க் நின்று மறுபடி சுழலும், பேக்கப் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

கேபிள் முனையின் அடியில் இரண்டு சின்னஞ்சிறு கொக்கிகள் இருக்கின்றன. மொத்தப் பிடிமானமும் அவைதான். தினம் கழற்றி மாட்டினால் தேய்ந்து படுத்துவிடும். பிறகு டிஸ்க்கை நகர்த்தினாலே கேபிள் தன் கனத்தில் சாயும். இத்தனை நல்ல டிஸ்க்குக்கு இத்தனை மட்டமான வாயை வைத்தது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

நம் டெல்டாப் பக்கம் இது இன்னும் சீக்கிரம் கெடுகிறது. ரைஸ் மில் ஆபீஸ்களிலும் நெல் மண்டிகளிலும் சம்பா அறுவடை சமயத்தில் தவிட்டுத் தூள் போர்ட்டின் அடியில் போய் இறுகிவிடும். கேபிள் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். முழுசாகச் செருகியாயிற்று என்றுதான் கண்ணுக்குத் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூக்கும். டிஸ்க்கைக் கழற்றி, போர்ட் தரையைப் பார்த்தபடி பிடித்து, மரப் பல்குச்சியால் தூளை மெதுவாக எடுங்கள். குண்டூசி கூடாது, பின் வளைந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சின்ன பிரஷில் தொட்டு பின்களைத் துடைத்து, பத்து நிமிஷம் உலர விட்டால் போதும்.

பேக்கப் நின்றது போர்ட்டாலா, டிஸ்க்காலா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பகுதியைத் திறந்து, பேக்கப் நின்ற நேரத்தில் எந்த எண் (ஈவென்ட் ஐடி) பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 157 என்றால் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கப்பட்டது என்று பொருள். கேபிள், போர்ட், மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று. 153 என்றால் டிஸ்க்கிடம் கேட்டதற்குப் பதில் வராமல் மறுபடி கேட்டிருக்கிறது. அங்கேயும் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். 7 (கெட்ட செக்டார்) வந்து, கூடவே சி5 எண்ணும் ஏறியிருந்தால் டிஸ்க்கே போகிறது. அப்போது உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk /r) ஓட்டாதீர்கள். இருக்கிற டேட்டாவை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். முழு டிஸ்க்கையும் வருடும் அந்தச் சோதனையை நோஞ்சான் டிஸ்க் தாங்காது. பேக்கப் திரையில் 80070015 என்று முடியும் எண் வந்தால் "சாதனம் தயாராக இல்லை" என்று அர்த்தம். இந்த டிஸ்க்கில் அதற்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் அந்த வாய்தான்.

மின்சாரத்தையும் பார்த்துவிடுங்கள். 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0க்கு 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஓர் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். கேபினெட்டின் முன்பக்க போர்ட், ஒன்றரை மீட்டர் மெல்லிசு கேபிள், தனி கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப் இவற்றில் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், சுழலும் ஓசை, மறுபடி 'டிக்' என்று வரும். டெஸ்க்டாப்பின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் நீல போர்ட்டில், அரை மீட்டருக்கு மேற்படாத கேபிளில் போடுங்கள். சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தானாகத் தூங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் டிசேபிள் செய்யுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. குறித்த நேரத்தில் பேக்கப்பைத் தானே தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக உருவாக்கும் வேலை எதுவும் சார்ஜர் கரண்டில் இருந்தால்தான் தொடங்கும். அப்படித்தான் டிக் போட்டு வருகிறது. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், பேக்கப் மட்டும் தொடங்கியே இருக்காது. யாருக்கும் தெரியவும் வராது. தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் தொடங்கும் வசதி செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள்.

வாயோடு சம்பந்தம் இல்லாத காரணங்களும் உண்டு. டிஸ்க் ஃபேட்32 (FAT32) என்கிற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான், என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் நகல் எடுங்கள். பேக்கப் திரையில் 80780119 என்று வந்தால், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பயனில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ரெக்கவரி, சிஸ்டம் பார்ட்டிஷன்களில்தான் இடம் போதவில்லை. 500 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனில் 50 எம்பியும், அதைத் தாண்டினால் 320 எம்பியும் காலியாக இருக்க வேண்டும்.

கடைக் கணக்குக்கு வருவோம். விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற லைப்ரரி ஃபோல்டர்களைத்தான் எடுக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டராகக் கிடக்கும் டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டாவை, நாமே சேர்க்காவிட்டால் அது தொடாது. டிஸ்க் இணைப்பு விட்டுப்போனாலும் உள் டிஸ்க்கிலேயே கொஞ்ச காலம் சேமித்துக்கொண்டு போகும். அதனால் எல்லாம் நடக்கிறது என்றே நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

அதனால் ஃபோல்டர்களை நகலெடுக்கும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பியை (robocopy) எழுதி வைப்பதே நல்லது. டேலி திறந்திருந்தால் எரர் 32 வரும், ஃபைல் வேறு புரோகிராமின் கையில் இருக்கிறது என்று அர்த்தம். மறுமுயற்சிக்கு நாமே எண்ணிக்கை குறிக்காவிட்டால் ரோபோகாப்பி 30 நொடிக்கு ஒரு முறை என்று 10 லட்சம் தடவை முயலும். ராத்திரி விட்டுப்போனது காலையில் முதல் ஃபைலிலேயே நிற்கும். மறுமுயற்சிக்கு 1, காத்திருப்புக்கு 1 என்று இரண்டையும் குறித்து, லாக் ஃபைலும் எழுதச் சொல்லுங்கள். முடிவு எண் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏதோ நகலாகவில்லை. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் எம்ஐஆர் (/MIR) ஸ்விட்சைப் போடுபவர்கள், டிஸ்க் மேனேஜ்மென்டில் இந்த டிஸ்க்குக்கு இசட் என்று எழுத்தை நிலையாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் யாரோ செருகிய பென்டிரைவ் அதே எழுத்தைப் பிடித்து, அதில் இருப்பதெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். மாதம் ஒரு தடவை ஒரு கம்பெனி டேட்டாவை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

பழுதுக்கு வருகிறேன். போர்ட்டின் உலோகக் கூட்டைப் போர்டோடு பிடித்திருக்கும் கால்களில் சால்டர் விரிந்திருந்தது. ஃப்ளக்ஸ் விட்டுச் சூடேற்றிப் புது ஈயம் வைத்ததும் சரியாகிவிட்டது, செலவு 350 ரூபாய். கவலை அதில் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டருக்குள் போடும் வழக்கமான சாட்டா (SATA) இணைப்பு உள்ள டிஸ்க் இருக்கும், எடுத்து வேறு பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இதில் சாட்டாவே இல்லை. யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கிறது. அந்த வாய் பெயர்ந்து வந்துவிட்டால், ஒரு செக்டாரும் கெடாத டிஸ்க்குக்குள் டேட்டா சிறைப்பட்டுவிடும்.

ஆகவே நண்பருக்குச் சொன்ன பதில்: விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதீர்கள். மேலே நானே புகழ்ந்த டிஸ்க்தான், இருந்தாலும் வேண்டாம். 2.5 இன்ச் சாட்டா டிஸ்க் தனியாக, டைப்-சி வாய் உள்ள பெட்டி தனியாக வாங்கிப் பொருத்துங்கள். பெட்டி கெட்டால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். முடிந்தால் இரண்டு செட் வாங்கி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரையோடு கம்ப்யூட்டரும் பேக்கப்பும் சேர்ந்தே நனைந்த கடைகள் உண்டு.

ஏற்கெனவே இந்த டிஸ்க்கை வைத்திருப்பவர்கள் நல்ல கேபிளாக ஒன்றை உபரியாக வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளை டிஸ்க்கோடு சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையால் சுற்றி, வாயில் கனம் இறங்காதபடி கட்டிவிடுங்கள். பேக்கப் முடிந்ததும் கம்ப்யூட்டர் பக்கத்து முனையை மட்டும் கழற்றுங்கள், டிஸ்க் பக்கத்து முனையைத் தொடவே வேண்டாம்.