ஆட்டிசமும் வயிறும்: தயிரா, புரோபயாட்டிக் பொடியா, மல மாற்றமா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி எல்லாம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். பேச்சு வராத குழந்தை வலியைச் சொல்ல முடியாமல் கத்தும், தலையை முட்டிக்கொள்ளும், இரவெல்லாம் விழித்திருக்கும். அதையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தயிர், புரோபயாட்டிக் பொடி (குடலுக்கு நல்லது என்று கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள்), மல மாற்றம் என்று வயிற்றுக்குச் சொல்லப்படும் மூன்று வழிகளையும், வயிறு சரியாகுமா என்ற ஒரே கேள்வியோடுதான் நான் பார்க்கிறேன்.

முதலில் பொடி. பல நுண்ணுயிர்கள் கலந்த ஒரு புரோபயாட்டிக்கை இத்தாலியில் 85 சிறு குழந்தைகளிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெற்றுப் பொடி. 2020இல் முடிவு வந்தது: ஆட்டிசத்தின் தீவிரத்தில் மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. ஆனால் வயிற்றுத் தொந்தரவு இருந்த குழந்தைகளுக்குச் சில உபாதைகள் குறைந்தன, அன்றாடத் திறன்களும் கொஞ்சம் முன்னேறின. லாக்டோபேசில்லஸ் ராய்டெரி என்ற வகையை வைத்துச் செய்த இன்னொரு சிறிய சோதனையில் (2024) பிறரோடு பழகுவதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆட்டிசத்தின் தீவிரம் குறையவில்லை. ஆக, டப்பாவில் 'புரோபயாட்டிக்' என்று இருந்தால் போதாது, எந்த வகை என்று பாருங்கள்.

மல மாற்றம்தான் அதிகம் பரபரப்பானது: ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 18 பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு ஏறத்தாழ 80% குறைந்தது. இரண்டு ஆண்டு கழித்தும் பலன் பெரும்பாலும் நீடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட வெற்று மருந்துப் பிரிவே கிடையாது. பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை நடப்பது தெரியும். ஆபத்தும் உண்டு: வேறு நோய்களுக்கு மல மாற்றம் செய்துகொண்ட இருவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி ஒருவர் இறந்துபோனார் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்தது. வீட்டில் இதை முயல நினைப்பவர்களைக் கைகூப்பித் தடுப்பேன்.

தயிர்? குழந்தை விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம், உணவாக. மருந்தாக எண்ணித் திணிக்க வேண்டாம். அந்த வழவழப்பே சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

இந்த மூன்றுக்கும் முன்னால் நான் வைப்பது சாதாரண மலச்சிக்கல் சிகிச்சையைத்தான். மருத்துவர் அளவு சொல்லித் தரும் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி, அல்லது லாக்டுலோஸ் சிரப். விலையும் குறைவு, பழகிய மருந்தும்கூட. அப்புறம் சாப்பாடு. 247 பிள்ளைகளை வைத்து 2021இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, ஒரு சில உணவை மட்டுமே சாப்பிடுவதால்தான் குடல் நுண்ணுயிர் வகைகள் குறைகின்றன என்ற பக்கம் சாய்ந்தது. அப்படியிருக்க, தட்டில் இருப்பதைப் பார்க்காமல் பொடியை மட்டும் கொட்டி என்ன பயன்?

பொடியும் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், மலம் போன நாள், தூக்கம், அழுகை இவற்றைத் தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். கூடவே வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். நோய் எதிர்ப்பு சக்தி குன்றிய குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரோபயாட்டிக்கும் வேண்டாம்.