சாளைக்கு இன்னொரு பேனல்: பேரலலா, சீரிஸா, தனி கன்ட்ரோலரா?

காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்குள் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) எங்களுக்கு ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருக்கிறது. கரண்டு கம்பம் அதுவரை வரவில்லை. 165 வாட் சோலார் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்த 20 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒன்று, அவ்வளவுதான் ஏற்பாடு. பிடபிள்யூஎம் என்பது பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்துவிடும் எளிய வகை; பேட்டரிக்கு மேற்பட்ட வோல்டேஜ் அதில் வீண். இரண்டு எல்இடி விளக்கு, கரண்டு குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் ஒன்று, ஆட்டுப்பட்டிக்கு ஒரு கேமரா ஓடும். கோடையில் குறையில்லை. ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் விடியக்காலை 3 மணிக்கு ஃபேன் நின்றுவிடும். அந்த மாதத்தில் காற்றுக்கு இல்லாவிட்டாலும் கொசுவுக்காக ஃபேன் ஓடியாக வேண்டும்.

பேனல் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மத்தியானம் 1 மணிக்கே கன்ட்ரோலர் 'ஃபுல்' காட்டியும் ராத்திரி தாங்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில். பேனல் சேர்த்துப் பயனில்லை. சாயங்காலம் வரை ஃபுல் ஆகவே இல்லை என்றால்தான் பேனல் வேண்டும். எனக்கு இரண்டாவது கதை. பழைய பேட்டரியோடு புது பேட்டரியைச் சேர்க்கும் யோசனையும் வந்தது. பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் அங்கேயே விட்டுவிட்டேன்.

எல்லாரும் முதலில் சொல்வது பேரலல். அதே மாதிரி 36 செல் பேனலை வாங்கி, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்டேஜ் 18-லேயே நிற்கும், கரண்ட் 9 ஆம்பியரிலிருந்து 18 ஆகும். கேட்க எளிதாக இருக்கிறது. இடிப்பது ஒயரில். கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு எங்கள் ஒயர் 15 மீட்டர், போக வர 30. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அந்தத் தூரத்துக்குச் சுமார் 0.15 ஓம் தடை. 18 ஆம்பியர் ஓடினால் 2.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். இதோடு நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனலில் எழுதியிருக்கும் 18 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போனால் அது 15 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். 15-ல் 2.7 கழித்தால் மிச்சம் 12.3. பேட்டரி நிறைய 14.4 வேண்டும்! அதற்காக ஒரேயடியாக நின்றுவிடாது. ஆனால் பேட்டரி ஏற ஏற கரண்ட் சரிந்துகொண்டே வரும். வாங்கின இரண்டாவது பேனலில் ஒரு பங்கு வீண்தான்.

10 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றினால் இழப்பு 1 வோல்ட் பக்கம் வந்துவிடும். அப்புறம் கன்ட்ரோலர். ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனல் கொடுக்கக்கூடிய உச்சக் கரண்ட், இரண்டுக்கும் சேர்த்து 19 ஆம்பியருக்கு மேல். பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட வைத்தால் 24. பழைய 20 ஆம்பியர் பெட்டி போதாது, 30 வாங்க வேண்டும்.

ஒயர் போட வந்த தம்பி, "ஏனுங்ணா, சீரிஸ்ல போட்டு எம்பிபிடி வெச்சுக்கலாமுங்ளே?" என்றார். சீரிஸ் என்றால் ஒரு பேனலின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு கோப்பது; எம்பிபிடி என்பது கூடுதல் வோல்டேஜைக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலர். ஒயர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. சீரிஸில் 36 வோல்ட், அதே 9 ஆம்பியர். பழைய ஒயரே போதும், இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் பழைய பிடபிள்யூஎம்மை வைத்துக்கொண்டு சீரிஸ் போட்டால் அதே 9 ஆம்பியர்தான் பேட்டரிக்குப் போகும். இரண்டாவது பேனல் இருந்தும் இல்லாத கணக்கு. எம்பிபிடி கட்டாயம், விலையும் பல மடங்கு. 30 சதவீதம் கூடக் கிடைக்கும் என்று விற்பவர்கள் சொல்வது குளிர் நாட்டுக் கணக்கு. வெயிலில் 15 வோல்ட்டுக்கு இறங்கின பேனலுக்கும் 13.5-ல் இருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டெடுக்க அவ்வளவு என்ன இருக்கிறது? தவிர, பெட்டியில் எம்பிபிடி என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்திருக்கும் மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு. கையில் தூக்கினால் காற்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே கனமான கம்பிச்சுருள் (coil) இருக்காது.

540 வாட் பெரிய பேனலை ஒரேயடியாகப் போடுவது இன்னொரு வழி. வாட் கணக்கில் அதுதான் மலிவு. ஆனால் அதன் வோல்டேஜ் 41 பக்கம், கரண்ட் 13. பிடபிள்யூஎம்மில் மாட்டினால் 540-ல் 170 வாட்தான் தேறும். எம்பிபிடி வைத்தால் உச்சி வெயிலில் 35 ஆம்பியர் வரும்; 150 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரிக்கு 15 ஆம்பியர் என்பதுதான் பழகின அளவு. கன்ட்ரோலரில் கரண்டை மட்டுப்படுத்தி வைத்தால் மேகமூட்டத்திலும் நன்றாக ஏறும் என்பது உண்மை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பழைய பேனல் கூரையில் இருக்கும்போது எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் நான் செய்தது வேறு. அதே 165 வாட் பேனல் இன்னொன்று, அதற்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனியாக ஒரு 20 ஆம்பியர் பிடபிள்யூஎம்; இரண்டு கன்ட்ரோலரும் ஒரே பேட்டரிக்கு. ஒவ்வொரு ஒயரிலும் 9 ஆம்பியர்தான், இழப்பு 1.35 வோல்ட்டோடு நின்றது. ஒயரை மட்டும் இரட்டையாக இழுத்து ஒரே கன்ட்ரோலரில் சேர்த்திருக்கலாம்தான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும்; இப்போது ஒன்று புகைந்தாலும் மற்றது ஏற்றிக்கொண்டிருக்கும்.

பனைமரம் ஒன்று இருக்கிறது. 3 மணிக்கு மேல் அதன் நிழல் பழைய பேனலின் குறுக்கே விழும். இந்த 18 வோல்ட் பேனலில் பாதி மறைந்தாலே 9 வோல்ட்தான் மிஞ்சும், பேட்டரிக்கு ஏறாது. புதுப் பேனலை நிழல் எட்டாத மேற்கு ஓரத்தில் வைத்தேன். பழசு படுத்துவிட்ட பிறகும் இது 5 மணி வரை கொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அறியாது. ஒன்று 'ஃபுல்' என்று ஒதுங்கிக்கொள்ளும்போது மற்றது இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டிலும் பேட்டரி வகையை ஒரே மாதிரி வைத்தால் பெரிய தொல்லை இல்லை. பேட்டரி பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி ஒயர், பிறகு பேனல் ஒயர். கழற்றும்போது பேனலை முதலில் எடுங்கள்.